பதினாலாயிரம் அடி

ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு
9 ஜூன் 2025

ஜோதி அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். விடுதியில் அறுபது பெண்கள். வார்டனுக்கு ஓர் அறை, ஒரு கட்டில், ஒரு ஜன்னல். எனக்குப் போதும்.

நேற்றிலிருந்து இருபத்தோரு முறை போன் செய்திருக்கிறீர்கள். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். முப்பது வருஷமாக மண்டியில் உட்கார்ந்து, ஈர வெங்காயத்தையே பெல்லாரி முதல் தரம் என்று தள்ளிவிட்ட வாய் அது. ஐந்து நிமிஷத்தில் என்னைச் சிரிக்க வைத்து, சாயந்திரமே பஸ் ஏற்றிவிடும். எழுதுங்கள். எழுதும்போதாவது பொய் சொல்லக் கை கூசும் என்று ஒரு நம்பிக்கை.

எதற்காகப் போனாள் என்று மார்க்கெட்டில் கேட்டால் சொல்ல உங்களுக்கு வெட்கமாக இருக்கும். எனக்கு இல்லை. மாசியில் உங்கள் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நாற்பது நிமிஷம் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் அற்புதசாமி என் முன்னால்தான் சொன்னார். இரண்டு மாதமாக விடிகாலையில் ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினீர்கள். திரும்பி வரும்போது ஷூவில் சேறு ஒட்டியிருக்கும். அந்தச் சேற்றைச் சமயபுரத்தாளைக் கும்பிட்டுக்கொண்டே கழுவினேன். போன வியாழக்கிழமை பால் வாங்கப் போனபோது பார்த்தேன். உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை டீக்கடையில் உளுந்து வடையைத் தின்றுவிட்டு, குழாயடிச் சேற்றில் ஷூவை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என் அண்ணன் மாதவனும் 'நாளையிலிருந்து' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்பது வயதில் குளியலறையில் விழுந்தான். அண்ணியும் நானும்தான் தூக்கினோம். இன்னொரு தடவை தூக்க எனக்குத் தெம்பில்லை.

நடங்கள். நிஜமாக நடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிற அன்று வீட்டுக்கு வருகிறேன்.

மலர்க்கொடி


திருச்சி, காந்தி மார்க்கெட்
14 ஜூன் 2025

மலருக்கு,

ஏழு கிலோமீட்டர் வர உன் கடிதத்துக்கு நாலு நாள் ஆயிற்று. தபால்காரர் நடந்தே கொண்டுவந்திருப்பார் போல. அவருடைய இதயமாவது நன்றாக இருக்கட்டும்.

ஷூ விஷயத்தில் தப்பு என்மேல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் பக்கத்தையும் கேள். முதல் நாள் நிஜமாகவே நடக்கத்தான் போனேன். வாய்க்கால் கரையில் நாலு நாய் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஸ்டென்ட்டே கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. இரண்டாம் நாள் ஷூ கடித்தது. மூன்றாம் நாள் நாசிக் லாரி வந்துவிட்டது. விடிகாலை என்பது மண்டிக்காரனுக்கு வியாபார நேரம், உடம்புக்கு ஒதுக்க முடியுமா? சாயந்திரம் நடக்கலாமென்றால் வெயில் தணிவதில்லை. வெயில் தணிந்தால் முட்டி வலி. என் அப்பா ஒரு நாளும் வாக்கிங் போனதில்லை, எண்பத்திரண்டு வயது வரை இருந்தார்.

நடை அவ்வளவு நல்லதென்றால் நம் காத்தானைப் பார். இந்த மண்டிக்கு வந்த நாளிலிருந்து லாரிக்கும் கிட்டங்கிக்கும் நடுவே ஐம்பது கிலோ மூட்டையோடு நடக்கிறான். அவன் முட்டியும்தான் தேய்ந்து கிடக்கிறது. 'வாக்கிங் போறியாப்பா'ன்னு கேட்டேன். 'எதுக்குங்க மொதலாளி, வேண்டுதலா?' என்கிறான்!

வீட்டில் ரசம் வைக்கத் தெரியாமல் மூன்று நாளாக ஓட்டல் சாப்பாடு. இதுவும் இதயத்துக்கு நல்லதில்லை. யோசி.

சின்னையா


ஸ்ரீரங்கம்
19 ஜூன் 2025

ஜோதி அப்பாவுக்கு,

நாயிருந்தால் கையில் குச்சி வைத்துக்கொள்ளுங்கள். ஷூ கடித்தால் செருப்பு போடுங்கள். நாசிக் லாரிக்குக் கணக்குப்பிள்ளை இருக்கிறார். உங்கள் அப்பா எண்பத்திரண்டு வரை இருந்தார் என்றால், அவர் தினமும் வயலுக்கு நடந்து போனவர். நீங்கள் கல்லாவிலிருந்து கழிப்பறைக்கு நடக்கிறவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

ஜோதியிடம் சொல்லி ஒரு கைக்கடிகாரம் வாங்கியிருக்கிறேன். கட்டிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி, நாடித் துடிப்பு எவ்வளவு என்று காட்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் ஓசூரிலிருந்து வந்து உங்கள் போனில் இணைத்துத் தருவாள். உங்கள் போனில் தெரிவதெல்லாம் என் போனிலும் தெரியும். கூட வந்த பட்டை உங்கள் மணிக்கட்டுக்குச் சின்னது. நானே கடைக்குப் போய் நீலப் பட்டை வாங்கி மாற்றினேன்.

இனிமேல் சேறு செல்லாது.

மலர்க்கொடி


காந்தி மார்க்கெட்
6 ஜூலை 2025

மலருக்கு,

உன் போனைப் பார்த்திருப்பாய். நான் ஒன்றும் எழுத வேண்டியதில்லை.

மார்க்கெட்டுக்குள்ளேயே நடக்கிறேன். விடிகாலையில் லாரி வரும் நேரத்தில் ஆரம்பித்தால் பத்து மணி வரை நடையும் வேலையும் ஒன்றாக ஓடுகிறது. காத்தான் துணை.

சின்னையா


ஸ்ரீரங்கம்
5 ஆகஸ்ட் 2025

ஜோதி அப்பாவுக்கு,

நேற்று பதினாலாயிரத்து இருநூறு அடி! முந்தாநாள் ஆடிப்பெருக்கன்றுகூட பதின்மூன்றாயிரம். போனை மூக்குக்கிட்டே வைத்துப் பார்த்தேன், விடுதிப் பெண் ஃபெமினாவைக் கூப்பிட்டும் படிக்கச் சொன்னேன். 'அங்கிள் சூப்பருங்க ஆன்ட்டி, எங்க அப்பாவுக்கும் கொஞ்சம் சொல்லச் சொல்லுங்க' என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். உங்களை நடக்கச் சொன்ன நான் நடந்ததே இல்லை. எனக்கும் சர்க்கரை இருக்கிறது. முட்டி வலி, விடுதி வேலை, புடவையில் எப்படி நடப்பது என்று நானும் காரணம் வைத்திருந்தேன். உங்கள் எண்ணிக்கை ஏற ஏற எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இந்த மனுஷனே நடக்கும்போது எனக்கென்ன கேடு? இப்போது விடிகாலையில் போனைத் திறந்து பார்க்கிறேன். உங்கள் அடி ஓட ஆரம்பித்ததும் நானும் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மா மண்டபம் வரை போய்த் திரும்புகிறேன். உங்களோடு சேர்ந்து நடப்பதாகவே தோன்றுகிறது. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் நாம் சேர்ந்து நடந்தது மூன்று தடவை இருக்குமா?

தீபாவளிக்கு வீட்டுக்கு வருகிறேன். எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டுமே உங்களுக்கு.

மலர்


ஸ்ரீரங்கம்
23 செப்டம்பர் 2025

ஜோதி அப்பாவுக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். கிடைத்தவுடன் கிளம்புங்கள்.

போன வாரத்திலிருந்து மூன்று தடவை என் போனில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்துவிட்டது. நாடித் துடிப்பு ஒழுங்கில்லை, மருத்துவரைப் பாருங்கள் என்கிறது. மூன்றும் காலை ஆறிலிருந்து ஏழுக்குள். இன்று காலை துடிப்பு நூற்று அறுபதைத் தாண்டியது. நடைக்கு அவ்வளவு ஏறாது என்று ஜோதி சொல்கிறாள். 'அதிகமாக நடக்க வைத்து நானே கொல்கிறேனோ' என்று பயமாக இருக்கிறது.

நடையை நிறுத்துங்கள். டாக்டர் அற்புதசாமியிடம் ஈ.சி.ஜி. எடுத்து அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். வாய்ச்சொல் வேண்டாம். தாள் வேண்டும்.

மலர்


காந்தி மார்க்கெட்
26 செப்டம்பர் 2025

மலருக்கு,

தாள் இணைத்திருக்கிறேன். எடுத்தது நேற்றுக் காலை, தேதியும் என் பெயரும் அச்சில் இருக்கிறது பார்த்துக்கொள். 'ஒரு குறையும் இல்லீங்க, ஓடுற குதிரை மாதிரி இருக்கு' என்றார் டாக்டர். அந்தக் கடிகாரம் ஏதோ கோளாறு பண்ணுகிறது. வியர்வை பட்டால் இந்த மாதிரி சாமான் எல்லாம் உளறும் என்று மார்க்கெட்டிலும் சொல்கிறார்கள்.

கவலைப்படாதே.

சின்னையா


காந்தி மார்க்கெட்
27 செப்டம்பர் 2025

மலருக்கு,

இந்தக் கடிதத்தை நான் அனுப்பப்போவதில்லை. எழுதினால் பொய் சொல்லக் கை கூசும் என்றாயே, நேற்று எழுதியதிலிருந்து கை கூசிக்கொண்டே இருக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

கடிகாரம் என் கையில் இல்லை. ஜூன் மாதக் கடைசியிலிருந்து காத்தான் கையில் இருக்கிறது. நான் கட்டியிருந்த மூன்று நாளில் ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஆயிரத்து நானூறு, எழுநூறு. நாலாம் நாள் நீ பார்ப்பாயே என்று உட்கார்ந்திருந்தேன். காத்தான் எட்டிப் பார்த்து, 'மணி நல்லாத் தெரியுதுங்களே மொதலாளி' என்றான். 'புடிச்சிருந்தா கட்டிக்கப்பா' என்றேன். அவன் கண் கலங்கிவிட்டது. தீபாவளி வேட்டியைத் தவிர இத்தனை வருஷத்தில் நான் அவனுக்கு எதுவும் கொடுத்ததில்லை. எதற்காகக் கொடுத்தேன் என்று அவனுக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த நூற்று அறுபது யாருடைய துடிப்பு? எனக்குத் தெரியும் மலர். டாக்டர் என் தாளைப் பார்த்துச் சிரித்தபோது அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

இன்று காத்தானைக் கூப்பிட்டு, 'உடம்பு எப்படிப்பா இருக்கு?' என்று கேட்டேன். 'எனக்கென்னங்க, கல்லு மாதிரி இருக்கேன்' என்றான். மூச்சு வாங்கிக்கொண்டுதான் சொன்னான். நான் அதையே பிடித்துக்கொண்டேன். டாக்டரிடம் போ என்றால் ஏன் என்பான். கடிகாரம் சொன்னது என்றால், விஷயம் உன் காது வரை வந்துவிடும். நீ தீபாவளிக்கு வரமாட்டாய்.

ஆயுத பூஜை முடியட்டும். கட்டாயம் சொல்லிவிடுகிறேன்.

(8 அக்டோபர். பூஜை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. தினமும் ஆறு லாரி. இந்த நேரத்தில் அவனை உட்கார வைத்தால் மூட்டையை யார் இறக்குவது? தீபாவளி முடியட்டும்.)


ஸ்ரீரங்கம்
5 அக்டோபர் 2025

ஜோதி அப்பாவுக்கு,

தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ரங்கநாதர் சன்னதிக்குப் போய் துளசி மாலை சாத்திவிட்டு வந்தேன்.

அந்த எச்சரிக்கை அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு உயிர் போகிறது. டாக்டரே இல்லை என்ற பிறகு மிஷின் சொன்னால் என்ன? ஜோதியிடம் சொல்லி அதை நிறுத்திவிட்டேன்.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை வருகிறேன். அதிரசத்துக்குப் பச்சரிசி வாங்கி வையுங்கள்.

மலர்


ஸ்ரீரங்கம்
21 அக்டோபர் 2025

ஜோதி அப்பாவுக்கு,

பதினாறாம் தேதி நடந்ததை நான்தான் எழுதியாக வேண்டும். நீங்கள் எழுத மாட்டீர்கள்.

அன்று காலை ஐந்தரைக்கு நடக்கக் கிளம்பும்போது போனைத் திறந்தேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு அடி. அதற்குமேல் ஏறவில்லை. நாடித் துடிப்பு இருக்கிற இடத்தில் வெறும் கோடு. ஒன்பது தடவை உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டுவதற்குள் ஜோதிக்கு எப்படிச் சொல்வது, உங்களுக்கு எந்த வேட்டி கட்டுவது என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன். மனசு அவ்வளவு கேவலமாக வேலை செய்கிறது.

மண்டி வாசலில் கூட்டம். கூட்டத்தை விலக்கினால் நீங்கள் நிற்கிறீர்கள்! முழுசாக, உயிரோடு. உங்களைப் பிடித்துக்கொள்ள இரண்டடி வைத்தேன். அப்போதுதான் கீழே பார்த்தேன். காத்தானைக் கோணி விரித்துப் படுக்க வைத்திருந்தீர்கள். அவன் கையில் நான் மாற்றிய நீலப் பட்டை.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அதனால்தான் வந்த ஆட்டோவிலேயே திரும்பினேன்.

சாயந்திரம் வரகனேரிக்கு, காத்தான் வீட்டுக்குப் போனேன். நீங்கள் பந்தலுக்கு வெளியே நாற்காலியில் இருந்தீர்கள். நான் உள்ளே போனேன். காத்தான் பெண்டாட்டி வீராயி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். 'மொதலாளி ஆசையா குடுத்தாங்கம்மா. குளிக்கும்போதுகூட கழட்ட மாட்டாரு. எல்லாருகிட்டயும் காட்டிக்கிட்டுத் திரிஞ்சாரு.' அதைக் கேட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தேன். நான் செய்த பாவம்.

ஆமாம், நானும்தான். ஐந்து தடவை அந்த மனுஷனின் இதயம் என் போனில் வந்து கத்தியிருக்கிறது. உங்கள் தாளை நம்பி அதன் வாயை அடைத்தது நான். ஆகஸ்டிலிருந்து அம்மா மண்டபம் வரை உங்களோடு நடப்பதாக நினைத்து, மூட்டை சுமந்துகொண்டிருந்த காத்தானோடு நடந்திருக்கிறேன்.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை. அதையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

நேற்று தீபாவளிக்கு இங்கே விளக்குக்கூட ஏற்றவில்லை. நான் வரமாட்டேன்.

மலர்க்கொடி


காந்தி மார்க்கெட்
6 நவம்பர் 2025

மலருக்கு,

செப்டம்பரில் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அடியில் எட்டாம் தேதி போட்டு எழுதியிருப்பதையும் படி. அதற்குப் பிறகு எட்டு நாள்தான் இருந்தான்.

நடக்கிறேன். இதைச் சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாளிலிருந்து விடியும் முன்னே எழுந்து, வீட்டிலிருந்து வரகனேரிக்கு நடக்கிறேன். வீராயியிடம் உண்மையைச் சொல்லத்தான் கிளம்புகிறேன். அவள் தெரு முனை மாவு மில் வரை போகிறேன். இன்றைக்கு வேண்டாம், அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு நாள். உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு நாள். மழை என்று ஒரு நாள். திரும்பிவிடுகிறேன். போகவர சரியாக நாற்பது நிமிஷம் ஆகிறது. டாக்டர் சொன்ன அதே நாற்பது நிமிஷம்.

நாய் குரைக்கிறது. ஷூ கடிக்கிறது. முட்டி வலிக்கிறது. எதுவும் என்னை நிறுத்தவில்லை மலர். அப்போது மட்டும் ஏன் நிறுத்தியது?

சின்னையா


ஸ்ரீரங்கம்
10 நவம்பர் 2025

மாவு மில்லோடு திரும்புவது நடை இல்லை. டீக்கடைச் சேறுதான் அதுவும்.

கதவைத் தட்டுங்கள்.

மலர்க்கொடி


காந்தி மார்க்கெட்
17 நவம்பர் 2025

மலருக்கு,

நேற்றுத் தட்டினேன்.

வீராயி வெளியே வந்து, 'வாங்க மொதலாளி'ன்னு நாற்காலி போட்டாள். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடிகாரத்தை ஏன் கொடுத்தேன், எத்தனை தடவை அது எச்சரித்தது, நான் என் நெஞ்சைக் காட்டித் தாள் வாங்கினது, பூஜை முடியட்டும் என்று தள்ளிப்போட்டது. சொல்லி முடித்ததும் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அப்புறம் கேட்டாள்.

'அவருகிட்ட வேணாம், எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் கட்டிப்போட்டாவது வீட்டுல படுக்க வெச்சிருப்பேனே.'

எனக்கு அது தோன்றவே இல்லை மலர். சத்தியமாகத் தோன்றவில்லை. அவள் அப்போதெல்லாம் நம் மண்டியில்தான் தினமும் வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள், கல்லாவுக்குப் பத்தடி தூரத்தில்.

கடிகாரத்தைத் திருப்பித் தருவாள் என்று நினைத்தேன். உள்ளே போய் எடுத்து வந்து, 'இது செத்துக் கெடக்கு, உசுரு குடுத்துக் குடுங்க' என்றாள். மண்டிக்கு வாங்கிப் போய் சார்ஜ் போட்டுக் கொடுத்தேன். தன் கையிலேயே கட்டிக்கொண்டாள். பட்டையில் ஒரு ஓட்டை கூடுதலாகப் போட வேண்டியிருந்தது. மண்டியில் இருக்கும்போது இதில் ஓடுவதெல்லாம் ஸ்ரீரங்கத்தில் அம்மா போனிலும் தெரியும் என்று சொன்னேன். இந்தத் தடவை சொல்லிவிட்டேன். 'அம்மா பாப்பாங்களா? பாக்கட்டும். யாராவது பாக்கணும்ல' என்றாள்.

ஆகையால் இனி உன் போனில் ஓடுவது வீராயி. நான் நடப்பது உனக்குத் தெரியாது. நம்பு என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

சின்னையா


ஸ்ரீரங்கம்
24 நவம்பர் 2025

ஜோதி அப்பாவுக்கு,

நேற்று வீராயி ஒன்பதாயிரத்து முந்நூறு அடி. துடிப்பு எண்பத்திரண்டு. மத்தியானம் ஒரு மணிக்குத் தொண்ணூற்றாறு வரை போயிற்று. அப்போது அவள் என்ன தூக்கினாள் என்று கேட்டு எழுதுங்கள். கூடை எதையும் அவள் தலையில் ஏற்றாதீர்கள்.

எச்சரிக்கையைத் திரும்பப் போடச் சொல்லிவிட்டேன், சத்தத்தோடு. ராத்திரியும் பகலும் போனைத் தலைமாட்டில்தான் வைத்திருக்கிறேன்.

விடிகாலையில் நான் நடக்கிறேன். அவள் மண்டிக்கு வந்து, அடி ஓட ஆரம்பித்ததும் கிளம்புகிறேன். முட்டி வலிக்கிறது. நடக்கிறேன்.

நீங்கள் நடக்கிறீர்களா என்று நான் இனிக் கேட்க மாட்டேன்.

மலர்க்கொடி